அண்ணி ஓட்டிய காற்று வண்டி

பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு அந்தப் பாய் விரிந்து கிடந்த மத்தியானம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. படுக்கிற பாய் இல்லை, படகில் ஏற்றுகிற பாய். அதுவும் துணியில் இல்லை, பழைய ஃபிளெக்ஸ் பேனரில். யார் வீட்டுப் பிள்ளைக்கோ காதணி விழா முடிந்து, நான் வேலை பார்க்கும் தி.நகர் பேனர் கடைக்கே திரும்பி வந்திருந்த பேனர் அது. வெட்டியது போக அந்தக் குழந்தையின் பாதி முகமும் 'வருக வருக'வில் ஒரு 'வருக'வும் மிஞ்சியிருந்தன. அண்ணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, நீளக் கம்பின் முனையில் சாக்கட்டியைக் கட்டி, பேனரின் மேல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் முட்டி போட்டு அவர் சொன்ன இடத்திலெல்லாம் கத்தரித்தேன். "தட்டையா தச்சா காத்து வழுக்கிகினு போய்டும்டி. ரவிக்கைக்கு டாட் புடிக்கிறோம்ல, அதே மாதிரி இங்க ரெண்டு புடி. வயிறு வரணும் அதுக்கு" என்றார். இப்படி மடித்துத் தைத்துப் பாய்க்கு டாட் பிடித்த தையல்காரி உலகத்திலேயே எங்கள் அண்ணி ஒருவராகத்தான் இருப்பார் என்று நான் கேலி செய்தேன். ஒரு வாரம் கழித்து அது கடல்காற்றில் புடைத்து நின்றபோது கேலியை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அண்ணியின் தையல் கடை மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருந்தும் பலம் இல்லை. அடையாறில் ஸ்கூட்டர்களுக்குப் பக்கச் சக்கரம் பொருத்தும் பட்டறையில் வெல்டராக இருக்கும் என் அண்ணன், அவருடைய ஸ்கூட்டருக்குச் சக்கரம் பொருத்தப் போய்தான் அவரைக் கட்டிக்கொண்டான். தையல் மிஷினின் கால் பெடலைப் பிடுங்கி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி மேசை விளிம்பில் மாற்றி வைத்ததும் அவன்தான். எங்கள் இரு வீடும் மீன்பிடிக் குடும்பம். அண்ணியின் அப்பா பாய் கட்டிக் கடலுக்குப் போன கடைசித் தலைமுறை. சின்ன வயதில் மகளைக் கட்டுமரத்தில் கட்டி உட்காரவைத்துக் கூட்டிப்போவாராம். காற்று மாறுவதை முதுகில் உணர்ந்து சொல்லிவிடுவார் அண்ணி. கடைக்குள் உட்கார்ந்தபடியே, "தென்றல் எறங்கிச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல புழுங்கும் பாரு" என்பார். புழுங்கும்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் அடக்க முடியாத கோபம் வரும். கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவது. நம் ஊரில் இரக்கம் அதிகம், கேட்கிற பழக்கம் குறைவு. ஒருமுறை பட்டன் வாங்கக் கிளம்பியவரை யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய் நேராகக் கோயில் வாசலில் நிறுத்தி, "சுவாமியைச் சேவிச்சுண்டு பத்திரமா போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணி வீட்டுக்கு வந்து கத்திய கத்தல் சாந்தோம் வரைக்கும் கேட்டிருக்கும். "நான் இன்னா காய்கறி வண்டியா? என் வாய் எங்க போச்சு? எங்க போணும்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?" எங்களுக்கும் அதே சட்டம்தான். வீட்டில் யாரும் அவர் சொல்லாமல் நாற்காலியின் கைப்பிடியைத் தொட முடியாது. தொட்டால் அன்றைக்குச் சோறு கிடைக்கும், பேச்சு கிடைக்காது.

இப்படிப்பட்டவர் பாலைவனத்துக்குப் போனதற்கு என் வேலைதான் காரணம். எங்கள் கடைக்கு ஒருவர் பேனர் அடிக்க வந்தார். குஜராத்தில் கட்ச் உப்புப் பாலைவனத்தில் குளிர்காலத்தில் நடக்கும் திருவிழாவில், பாய் கட்டிய மூன்று சக்கர வண்டிகளைக் காற்றில் ஓட்டும் போட்டி ஒன்று உண்டாம். இஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. காற்று மட்டும்தான். அவர் அதில் ஓட்டுகிறவர். அந்தப் பேனரின் மாதிரிப் பிரதி ஒன்றை வேடிக்கையாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளைத் தரையில் வண்ண வண்ணப் பாய்களும், அவற்றுக்குக் கீழே கால் நீட்டிச் சாய்ந்திருக்கும் மனிதர்களும் படத்தில் இருந்தார்கள். அண்ணி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் உக்காந்துகினு கீறாங்கோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "வண்டின்னா உக்காந்துதானே ஓட்டணும் அண்ணி?"

"அதான்டி சொல்றேன். ஒருத்தனாவது நிக்கிறானா பாரு. அப்பறம் எனக்கு இன்னா?"

மறுநாளே அந்த வாடிக்கையாளரிடம் என்னைப் பேசச் சொன்னார். கையால் செய்த வண்டிகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார் அவர். விதிமுறைத் தாளையும் கொடுத்தார். அதில் ஒரு வரி, கொடி விழுந்த பிறகு ஓட்டுகிறவரைத் தவிர வேறு யாரும் வண்டியைத் தொடக் கூடாது, தொட்டால் ஆட்டத்திலிருந்து நீக்கம். அதை நான் படித்துக் காட்டியதும் அண்ணி கைதட்டிச் சிரித்தார். "பார்த்தியா, ரூலே போட்டு வச்சிகிறாங்கோ! நம்ம ஊர்லயும் ரோட்டுக்கு ரோடு இத்த எழுதி மாட்டணும்." அந்த ஒரு வரிக்காகவே அவர் போக முடிவெடுத்தார் என்று சொன்னால் மிகையில்லை. யாரும் தள்ளாமல் ஒரு வண்டி அவரை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். வேறு ஆசை இல்லை அவருக்கு.

அண்ணன் இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, பற்றவைத்தான். முன்னால் ஒரு சக்கரம். பின்னால் நீளமான பலகையின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு சக்கரம், கைக்கு எட்டாத தூரத்தில். நடுவில் தரையோடு தரையாகத் தாழ்ந்த இருக்கை. அந்த வண்டிகளைக் காலால்தான் திருப்புவார்கள். அண்ணன் அதை மாற்றி இடது கைக்கு ஒரு நெம்புகோல் வைத்தான். வலது கைக்குப் பாய்க்கயிறு. எல்லாம் முடிந்ததும் கடலோரத்து வழக்கப்படி பேரிங்குகளில் கிரீஸை அள்ளி அப்பினான். எங்கள் ஊரில் எந்த இரும்பை வாங்கினாலும் முதல் வேலை அதுதான். உப்புக் காற்று இரும்பைச் சும்மா விடாது. ஒரு சைக்கிள் வாங்கினால்கூட, ஓட்டிப் பார்ப்பதற்கு முன் கிரீஸ் வைக்கிற ஜனங்கள் நாங்கள்.

அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் ஈர மணல் இறுகிக் கிடக்கும் இடத்தில் பழகினோம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்ததும் அண்ணன் அவரைத் தூக்கி இருக்கையில் வைப்பான். நான் பின்னால் நின்று வண்டியைப் பிடித்திருப்பேன். அண்ணி கயிற்றை இழுத்து, "உடு!" என்பார். நான் விடுவேன். விடும்போது இரண்டு விரலால் லேசாக ஒரு தள்ளு தள்ளிவிடுவேன்.

ஏன் செய்தேன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். முதல் நாள் வண்டி அசையாமல் நின்றது, அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கழுத்து ஏமாந்து போவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தள்ளிவிட்டேன். வண்டி கிளம்பியது. அவர் கத்திய கத்தலில் கரையிலிருந்த நாய்களெல்லாம் எழுந்து ஓடின. "தானா கெளம்பிச்சுடி! பார்த்தியா? தானா!" என்று திரும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம் உண்மையை எப்படிச் சொல்வது? அடுத்த முறையும் தள்ளினேன். ஓடத் தொடங்கிய பிறகு வண்டி முழுக்க அவர் கையில்தான் இருந்தது. பாயை இறுக்குவதும் தளர்த்துவதும் திருப்புவதும் பிறவியிலேயே வந்தவர்போல இருந்தது. கிளம்புவது மட்டும் என் இரண்டு விரலில் இருந்தது. அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

வண்டியைக் கழற்றிக் கட்டி, ரயிலில் அகமதாபாத் போய், அங்கிருந்து வேனில் ஒரு முழுப் பகல் போனோம். உப்புப் பாலைவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டது வேறு, பார்த்தது வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. கோலமாவைக் கொட்டி உருட்டுக்கட்டையால் தேய்த்துவிட்டாற்போல ஒரு தரை. கடல் என்று சொல்ல எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. அண்ணி இறங்கியதும் காற்றைப் பார்த்தார். "எங்கப்பா பார்த்திருந்தா இங்கயே வலை போட்டிருப்பாரு" என்றார். எங்கள் பாயில் இருந்த காதணிக் குழந்தையோடு நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு கூட்டமே வந்தது. அண்ணனுக்குத் திருவல்லிக்கேணி கேரம் கிளப்பில் ஆடி ஆடி உருது வாய்க்கு வந்துவிட்டிருந்தது. அதை வைத்து எல்லாரிடமும் பேசிச் சமாளித்தான்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டிகளை ஓட்டிப் பார்க்க விட்டார்கள். அங்கேயும் விதி விதிதான், ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நாலெட்டு ஓடித் தள்ளி, ஓட்டத்தில் தாவி ஏறி உட்கார்ந்தார்கள். அப்படித்தான் கிளம்ப வேண்டும் என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. அண்ணி கயிற்றை இழுத்தார். பாய் புடைத்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி இழுத்தார். நெம்புகோலைத் திருப்பிப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் அண்ணனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இன்னாயா ஆச்சு இதுக்கு? நம்மூர்ல உட்ட ஒடனே ஓடுச்சே?"

அண்ணன் பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தான், கயிற்றைச் சோதித்தான். பிழை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

"அண்ணி, அங்க நான் தள்னேன்" என்றேன்.

"எப்போ?"

"எப்பவும். ரெண்டு வெரலால."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பிறகு மெதுவாக, "அப்போ நான் ஒரு தபாகூட ஓட்டல" என்றார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம். அவரை வழியில் போகிறவர்கள் தள்ளினார்கள், அவருக்குத் தெரிந்து தள்ளினார்கள். நான் அவருக்குத் தெரியாமல் தள்ளியிருந்தேன். அவர் குதூகலித்த நாட்களையெல்லாம் ஒரே வாக்கியத்தில் பொய்யாக்கிவிட்டேன். அண்ணன் என்னை முறைத்தான். அண்ணி அவனிடம், "அவள இன்னா பாக்குற? சக்கரத்த கயட்டு" என்றார்.

கழற்றியதும் விஷயம் தெரிந்தது. அப்பி வைத்த கிரீஸ் அந்த ஊர்க் குளிரில் மெழுகாக இறுகி, வழியெல்லாம் தூசியை வாங்கிக்கொண்டு, பேரிங்குக்குள் சேறாக உட்கார்ந்திருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் மூன்று சுற்றில் நின்றது. துருவுக்குப் பயந்து செய்த காரியம். அங்கேயோ காய்ந்த காற்று, துருப்பிடிக்க வருஷமாகும். திருவிழா டெண்ட்டுகளுக்கு ஜெனரேட்டர் ஓட்டுகிறவரிடம் மண்ணெண்ணெய் வாங்கி, மூன்று சக்கரத்தையும் கழுவித் துடைத்தோம். உள்ளே போட ஏதாவது வேண்டும், எண்ணெயாகவும் இருக்கக் கூடாது. அண்ணன் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்து கேரம் பவுடர் டப்பாவை எடுத்தான். எங்கே போனாலும் அதைக் கொண்டுபோகிற ஆள் அவன். "ஸ்ட்ரைக்கர் வழுக்குதுல்ல, இது வழுக்காதா?" என்றான். தூவி மாட்டிச் சுற்றிவிட்டதும் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி அதைத் தொட்டு நிறுத்தினார், மறுபடி சுற்றினார். அதற்குப் பிறகு அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசிய ஒரே வார்த்தை, "நாளைக்குக் கைய கட்டிகினு நில்லு" என்பதுதான்.

மறுநாள் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். அண்ணன் பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். காற்று முந்தின நாளைவிடக் குறைவாக இருந்தது. கொடி விழுந்தது. மற்ற எல்லாரும் ஓடினார்கள், தள்ளினார்கள், தாவினார்கள், போனார்கள். கிளம்பும் கோட்டில் எங்கள் பாய் மட்டும் தனியாக நின்றது. அண்ணி கயிற்றை இழுத்துப் பிடித்தார். வண்டி நடுங்கியது, அரை அடி உருண்டது, நின்றது. அடுத்த கொடி விழுவதற்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் போட்டியில் இல்லை என்று நடுவர் சொல்லியிருந்தார். அந்தக் கொடியை அவர் கையில் எடுத்துவிட்டார். வண்டி அவ்வளவு லேசாகிவிட்டிருந்தது, இரண்டு விரல் போதும். என் விரல்கள் அக்குளுக்குள் இருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் செய்யாமல் இருந்ததில்லை.

அண்ணி எங்கள் பக்கம் திரும்பினார். "ஏய்! உன் செருப்ப தூக்கிப் போடு!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்துவிட்டது, அவன் முகம் மாறிவிட்டது. நடுவரிடம் உருதுவில் ஏதோ கேட்டான். வண்டியைத்தான் தொடக் கூடாது என்று அவர் தோளைக் குலுக்கினார். நான் ரப்பர் செருப்பு இரண்டையும் கழற்றி வீசினேன். ஒன்று அண்ணியின் மடியில் விழுந்தது, மற்றது எட்டாத தூரத்தில் விழுந்தது. அண்ணன் தன்னுடையதில் ஒன்றைக் கழற்றி வீசினான். அண்ணி இரண்டையும் இரண்டு கைகளில் மாட்டிக்கொண்டார்.

"சின்ன வயசுல அவ அப்டிதான் போவாளாம்" என்றான் அண்ணன், என்னைப் பார்க்காமல். "சேர் கெடைக்கிற வரைக்கும், பதினாலு வயசு வரைக்கும். அப்பா செருப்ப கையில மாட்டிகினு, மணல்ல தவழ்ந்துகினு. பசங்கல்லாம் இன்னான்னமோ பேர் வச்சி கூப்புடுவானுங்களாம். சேர் வந்ததுலேர்ந்து கைய தரைல வச்சதே இல்ல. கட்டிகினு இத்தினி வருஷத்துல எனக்கே காட்னதில்ல."

நூற்றுக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. அண்ணி பாய்க்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் குனிந்து, செருப்பு மாட்டிய கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் கொடுத்து ஒரு உந்து உந்தினார். வண்டி நகர்ந்தது. இன்னொன்று. மூன்றாவது உந்தில் பாய் தட்டென்று புடைத்து வண்டியை வாங்கிக்கொண்டது. கைகளை உதறினார், செருப்புகள் எகிறிப் போய் விழுந்தன. நெம்புகோலைப் பிடித்தார், வாயிலிருந்த கயிறு கைக்கு வந்தது. நடுவர் உயர்த்திய கொடியோடு அப்படியே நின்றுவிட்டார். வண்டி கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

யாரை முந்தினார், எத்தனையாவதாக வந்தார் என்று கேட்காதீர்கள். எனக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு அழுகை. முடிவுக்கோடு தாண்டியும் அவர் நிறுத்தவில்லை என்பது மட்டும் தெரியும். நெடுந்தூரம் போய், ஒரு புள்ளியாகி, வளைத்துத் திருப்பிக்கொண்டு அதே காற்றில் எங்களிடம் வந்து சேர்ந்தார். உதட்டோரம் கயிறு அறுத்து ரத்தம் கசிந்தது. என்னைப் பார்த்து, "இப்ப தள்ளு. டெண்ட் வரைக்கும் தள்ளு. கையில தெம்பே இல்ல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். இரண்டு விரலால் இல்லை, இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போனேன்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அண்ணி மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்காமல் தள்ளினால் இன்னும் அதே கத்தல்தான், நானே போன மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன் அன்றைக்கு எடுத்த வீடியோவை மட்டும் அண்ணி கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பாய் புடைத்து வேகமாகப் போகிற இடம் அதில் நன்றாக விழுந்திருக்கிறது, நானாக இருந்தால் அதைத்தான் காட்டுவேன். அவர் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார். சென்ற வாரம் ரவிக்கை தைக்க வந்த ஒரு மாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நின்றுபோன படத்தை உற்றுப் பார்த்தார். "இதென்னடியம்மா, செருப்பைக் கையில மாட்டிண்டு தரையில ஊனிண்டிருக்கே?" என்று கேட்டார்.

"சின்ன வயசுல நான் அப்டிதான் நடப்பேன் மாமி" என்றார் அண்ணி. குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், சந்தில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு இஞ்சு டேப்பை எடுத்து, "கைய தூக்குங்கோ, அளவு எடுக்கணும்" என்றார்.